மூன்றாவது மெஷினில் யார்

"உங்கள்ல ஒருத்தங்க மேலிடத்துல போய்ப் புகார் சொல்லியிருக்கீங்க. யாருன்னு எனக்குத் தெரியும்."

புதிய சூப்பர்வைசர் திருச்செல்வம் அவ்வளவுதான் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. என்ன புகார் என்றும் சொல்லவில்லை. வேலை நேரத்தில் இனி யாரும் பேசக்கூடாது என்று சேர்த்துக்கொண்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில், பிளாஸ்டிக் பைகளின் வாயைச் சூட்டால் ஒட்டும் தொழிற்சாலை அது. அந்தப் பிரிவில் ஆறு பெண்கள். அன்றிலிருந்து ஒருத்திக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. சந்தேகம் தன்மேல் விழுந்துவிடுமோ என்று ஒவ்வொருத்தியும் பயந்தாள். பயத்தைச் சுமந்துகொண்டே இருக்க முடிவதில்லை. இறக்கி வைக்க மனம் ஓர் இடம் தேடுகிறது. அவர்களுக்குப் பிரேமலா கிடைத்தாள்.

பிரேமலா கடைசியாக வந்து சேர்ந்தவள். சிகாமட் வெள்ளத்தில் வீடு போன பிறகு, இங்கே அக்கா வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். ஒருநாள் விடுப்புக் கேட்க சூப்பர்வைசர் அறைக்குப் போனவள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்தச் சிரிப்பே போதுமானதாகிவிட்டது. அவள்தான் அவருக்குக் கோள் சொல்கிறவள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் உட்கார்ந்தால் கேண்டீன் மேசை காலியாயிற்று. பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் கைப்பைகள் அமர்ந்தன. எல்லோருக்கும் மூத்தவளான புஷ்பவள்ளி, அவள் காதில் விழும்படி, "கேமரா வருது, வாய மூடுங்க லா," என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியான லூசியும் சிரித்திருக்கிறாள். சிரித்துவிட்டுப் பிரேமலா பக்கம் பார்க்காமல் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் காலை ஷிப்ட் மாறும்போது, இரவு வேலை முடித்துக் கிளம்பிய ரீத்தா லூசியிடம் அவசரமாகச் சொன்னாள்: "மூணாவது மெஷின் சரியில்லக்கா. ஸ்டாப் பட்டன அமுக்குனாலும் பைய ஒட்டுற ஹீட்டர் இன்னொரு தடவ கீழ இறங்குது. மெயின் சுவிட்ச அடைச்சு மெஷின நிறுத்தாம யாரும் கைய வுட்டுடாதீங்க. அங்க நிக்கிறவங்ககிட்ட சொல்லிருங்க."

யார் எந்த மெஷினில் நிற்பது என்பதைத் திருச்செல்வம் தினமும் தன் இஷ்டத்துக்கு மாற்றுவார். அன்று மூன்றாவதில் பிரேமலா நின்றாள்.

லூசி முதலில் திருச்செல்வத்திடம் போனாள். ரிப்பேர் செய்ய ஆள் வரும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார் அவர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். பிரேமலா கூப்பிடு தூரத்தைவிடக் கிட்டத்தில்தான் இருந்தாள். ஆனால் அங்கே போனால் எல்லோர் கண்ணும் கூடவே வரும். நாளை அந்தக் காலி மேசை தனக்கும்தான். ஒருவேளை பிரேமலாவே கவனித்துக்கொள்வாள். ஒருவேளை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். ஆண்டவரே, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று லூசி மனத்துக்குள் ஜெபித்தாள். ஜெபித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது. நாலு எட்டு நடந்து தானே செய்யக்கூடியதை ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாளே.

ஒரு பை சுருண்டு சிக்கியது. பிரேமலா ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை உள்ளே நீட்டினாள்.

லூசி ஓடினாள். பிரேமலாவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஹீட்டர் இறங்கி, பையைக் கருக்கிவிட்டு மேலே ஏறியது. லூசி மெயின் சுவிட்சை அடைத்தாள்.

கருகிய நாற்றம் பரவியது. பிரேமலா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்க்கா யாருமே எங்கிட்ட சொல்லல?"

அதில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. லூசி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பவள்ளி தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பிரேமலாவிடம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல்.

அறைக் கதவு திறந்தது. மெஷினை அடைத்தது யார் என்று கேட்டார் திருச்செல்வம்.

மறுபடியும் அதே 'யார்'. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெயர் வெளியே வந்தால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். லூசி வாயைத் திறக்கப் போனாள்.

"நாங்கதான்," என்றாள் புஷ்பவள்ளி. "ரிப்பேர் பண்ற வரைக்கும் அத யாரும் தொட மாட்டோம், பாஸ்."

அடுத்து என்ன நடக்கும் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ஆனால் யாரும் தன் மெஷினுக்குத் திரும்பவில்லை. திருச்செல்வம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ரிப்பேர் ஆளைக் கைப்பேசியில் கூப்பிடத் தொடங்கினார். பிரேமலா பாதி தண்ணீரைக் குடித்துவிட்டுப் போத்தலை லூசியிடம் கொடுத்தாள்.