முதல் வட்டத்தில் ஈஜிபுரா

1998, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பெங்களூரின் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்பேனர் முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பது அட்டெண்டர் கோவிந்தப்பாவின் வேலை. குண்டுக்குக் கணக்குப் போடுகிற இடத்துக்கும் பொட்டு உண்டு. பொட்டு வைத்துவிட்டால் மனசாட்சிக்கு அன்று லீவு.

ராம்கி அங்கே விஞ்ஞானி. ஒரு நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்தால் எந்தப் பேட்டையில் எத்தனை பேர் சாவார்கள் என்று சொல்லும் புரோகிராம் அவருடையது. மே மாதம் குண்டு வெடித்துப் பார்த்தபோது ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். மனிதர் இரண்டு சாப்பிட்டார். எதிரி ஊர்களின் ஜனத்தொகை இன்னும் கைக்கு வரவில்லை. புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, கிடைத்த பெங்களூர் வார்டுக் கணக்கையே போட்டார். குண்டு விழ ஒரு நடுப்புள்ளி வேண்டுமே, தொம்மலூரை வைத்தார்; அதை ஒட்டிய பேட்டைகள் முதல் வட்டம், தள்ளியிருப்பவை அடுத்தடுத்த வட்டங்கள். அருமையாக ஓடியது. ரகசியம் என்பதால் தாளில் தலைப்பு இல்லை, வெறும் வட்டங்களும் பேட்டைப் பெயர்களும் எண்களும்தான்.

அந்தத் தாளைத்தான் கோவிந்தப்பா பார்த்துவிட்டார்.

“சார், நம்ம ஈஜிபுரா பேரு போட்டிருக்குது, ஒண்ணாம் வட்டத்துல! கார்ப்பரேஷன்காரங்க உங்க கம்ப்யூட்டர்ல போட்டாங்களா? காவேரித் தண்ணி லிஸ்டா சார்?”

ராம்கி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தண்ணி இல்லாம என் பொண்டாட்டி பாஞ்சாலி உசுர எடுக்கறா சார். பொண்ணு மகா ஓசூர்லேர்ந்து தலைப்பிரசவத்துக்கு வருது. ஹெப்பகோடில போர்வெல் தண்ணியோட ஒரு வீடு பார்த்திருக்கேன். ஓனருக்கு இன்னைக்குச் சொல்லணும். இங்கயே தண்ணி வருதுன்னா நாங்க ஏன் சார் போறோம்?”

ஹெப்பகோடி அந்தத் தாளின் எந்த வட்டத்திலும் இல்லை.

இல்லை என்று சொன்னால், பின்னே இது என்ன லிஸ்ட் என்று கேட்பார். வெளியே தெரிந்தால் ராம்கியின் வேலை போகும். இது வெறும் சோதனைதானே என்று அவர் தன்னையே தேற்றிக்கொண்டார். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே படிப்புப் படித்த ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனும் மே மாதம் இனிப்பு சாப்பிட்டிருப்பான். அவன் மேஜையில் இருக்கிற ஈஜிபுரா சோதனைக்காக இருக்காது.

“சொல்லுங்க சார்.”

“ஆமா கோவிந்தப்பா. தண்ணி லிஸ்ட்தான்.”

கோவிந்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். மேஜை போனிலேயே ஹெப்பகோடிக்குப் பேச அனுமதி கேட்டார். ராம்கி தலையாட்டினார்.

“மனெ பேடா சார். நமகெ இல்லே நீரு பர்த்தாயிதெ,” என்று கன்னடத்தில் வீட்டுக்காரரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு வேண்டாமாம். இங்கேயே தண்ணீர் வருகிறதாம்.

போனைத் துண்டிக்க ஒரு விரல் போதும். ராம்கியின் கை போன் வரை போய், திரும்பி வந்து பேனாவை எடுத்தது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்வது? ஈஜிபுராவுக்கு நேரே இருந்த எண்ணை அடித்துவிட்டு, மகாவையும் பிறக்கப் போகிற குழந்தையையும் சேர்த்து, இரண்டு கூட்டி எழுதினார்.