கப்பலடி

நிந்தவூர் சீனிமுகம்மதுவின் வீட்டுக் கூரைக்கு மேலே, இரண்டு தென்னை உயரத்தில், ஒரு சரக்குக் கப்பல் நிற்கிறது. கொரியாவில் கட்டி, யுத்தகாலத்தில் கடற்படை ஓட்டி, பிறகு இரும்புக்காக உடைத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே கப்பல்தான். சண்டை முடிந்த வருடத்து மாரியில் வந்து நின்றது. அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியதால் அவர் மனைவி அஸீஸா உடுப்புக் காயப்போடுவதைப் பின்வளவுக்கு மாற்றினாள். மின்சாரக்காரர்கள் வந்து பார்த்து, கம்பியில் படவில்லை என்று போய்விட்டார்கள். பஸ்காரர்கள் அந்த இடத்துக்குக் கப்பலடி என்று பேர் வைத்தார்கள். ஊருக்குப் பழகிவிட்டது. சீனிமுகம்மதுவுக்குத்தான் பழகவில்லை. கப்பலிலிருந்து ஒரு கயிற்றேணி அவர் வாசலுக்கு நேரே தொங்கியது.

அந்த ஏணியை அவருக்குத் தெரியும். சண்டையால் தரைப்பாதை பூட்டியிருந்த காலத்தில், கல்முனைக் கடலில் நின்ற அந்தக் கப்பலில் திருகோணமலைக்குக் கருவாடு கொண்டுபோக அவரும் கிறிஸ்ரோபரும் ஒரே தோணியில் போனார்கள். கூட்டு வியாபாரம், ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சோறு தின்ற சினேகிதம். சீனிமுகம்மது முதலில் ஏறினார். அரைகுறைத் தமிழ் பேசிய மாலுமி ஒருவன் கீழே தோணியில் நின்ற கிறிஸ்ரோபரைக் காட்டி, “உங்கட ஆளா?” என்று கேட்டான். “இல்ல, நம்மட ஆள் இல்ல,” என்றார் இவர். இந்தக் கரையில் அதற்கு, முஸ்லிம் இல்லை, தமிழ் ஆள் என்று மட்டும்தான் அர்த்தம். தினமும் வாயில் வருகிற பேச்சு. மாலுமிக்கோ, முன்பின் தெரியாதவன் என்று விளங்கியது. ஏணியைச் சுருட்டினான். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். பயம், திறக்கவில்லை. தோணி திரும்பியது. அன்று கரையில் வெடிச்சத்தம் கேட்டது. கிறிஸ்ரோபரை அதன் பிறகு ஒருவரும் காணவில்லை. ஏணியில் நடந்ததைச் சீனிமுகம்மது யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்ரோபரின் மனைவி லூர்தம்மாவுக்கு ஒவ்வொரு பெருநாளும் வட்டிலப்ப இனிப்பு அனுப்பினார். முகம் கொடுக்கப் போனதில்லை.

மகள் றுஸ்தாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், “யாருக்கு இந்த ஏணி?” என்று கேட்டாள். “எனக்கென்ன தெரியும்,” என்றார். ஏணி ஒரு படி இறங்கியது. யார் கேட்டாலும் அதே பதில், ஏணியும் அதே மாதிரி. கலியாணத்தன்று மாப்பிள்ளை ஏணிக்குக் கீழே குனிந்துதான் நுழைந்தார்.

றுஸ்தா தானாகவே லூர்தம்மாவைக் கூப்பிட்டிருந்தாள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த லூர்தம்மா, “இதிலதான் அவர் ஏறப்போனவரா, காக்கா?” என்று அண்ணன் முறை சொல்லிச் சீனிமுகம்மதுவைக் கேட்டாள். சஹனைச் சுற்றியிருந்தவர்களின் கைகள் சோற்றிலேயே நின்றன.

“ஓம் தங்கச்சி. உங்கட ஆளாண்டு கேட்டான். இல்லண்டு நான்தான் சொன்ன.”

“இத வாசல்ல வெச்சிக்கிட்டா எனக்கு வட்டிலப்பம் அனுப்பினீங்க?”

அவர் தலையைக் குனிந்தார். லூர்தம்மா ஏணியைக் காட்டினாள்.

“இப்ப கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நம்மட ஆள்தான்.”

ஏணி சரசரவென்று இறங்கி மண்ணைத் தொட்டது. ஒருவரும் இறங்கி வரவில்லை. பந்தல் கழற்றும்வரை ஏணியின் கீழே இருந்துவிட்டு, லூர்தம்மா சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

கப்பல் போகவில்லை. சீனிமுகம்மது காலையில் கடைசிப் படியில் படிந்த உப்பைத் துடைக்கிறார். கப்பலடியில் இறங்கும் புதியவர்கள் ஏணி யாருக்கு என்று கேட்டால், குனிந்த தலை நிமிராமல், “நம்மட ஆளுக்கு” என்கிறார்.