பக்கத்து மேசைக்காரர்

திரையில் இருந்த கொலைகாரன் அன்று சுடவில்லை. தியேட்டரே அதிர்ந்தது. விசில் பறந்தது, நாற்காலிகள் படபடவென்று அடிபட்டன, "யோவ், சீக்கிரம் சுடுய்யா, எனக்கு பஸ் போயிடும்!" என்று பால்கனியிலிருந்து ஒருவர் கத்தினார். ஹோட்டல் காட்சி அது. கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டிய மறுகணம் வெடிக்க வேண்டும். மூன்று வாரமாகத் தினமும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அன்று அவன் நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். ரீல் சிக்கிவிட்டதோ என்று ஆபரேட்டர் பார்த்தார். ரீல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மின்விசிறி சுற்றியது, மேசையில் இருந்த காப்பியிலிருந்து ஆவி எழுந்தது, துப்பாக்கி மட்டும் வெடிக்கவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு வந்த டிக்கெட் கிழிப்பவர்தான் முதலில் கவனித்தார். கடைசி வரிசையில் ஒரு தாடிக்காரர் வலது கையைத் திரையை நோக்கி நீட்டியபடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். திரையில் நின்ற கொலைகாரனும் இவரும் ஒரே ஆள்.

அவர் பல வருடங்களாகச் சினிமாவில் துப்பாக்கி பிடித்தவர். தொழிலில் ரொம்பக் கறார். முந்தின ஷாட்டில் இருந்ததெல்லாம் அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும் என்கிற கன்டினியூட்டி விஷயத்தில் உதவி இயக்குநர்களையே ஓட ஓட விரட்டுவார். ஒரு முறை, போன ஷாட்டில் திறந்திருந்த சட்டைப் பொத்தான் இந்த ஷாட்டில் மூடியிருக்கிறது என்று சொல்லி ஒரு பெரிய நடிகையைக் காக்க வைத்தவர். இந்தப் படத்தில் அவர்தான் கதாநாயகன். தப்பான ஆளைச் சுட்டுவிட்டு, பின்பாதி முழுக்க மனம் நொந்து பாவத்தைக் கழுவ அலைகிற கூலிக் கொலைகாரன். ஹோட்டல் காட்சிக்கு இரண்டு துப்பாக்கிகள் வந்திருந்தன. தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடுகிற க்ளோசப்புக்கு நிஜத் தோட்டாவின் மினுமினுப்பு வேண்டும் என்று இயக்குநர் அடம் பிடித்ததால் ஒன்றில் நிஜத் தோட்டா இருந்தது. மற்றதில் சத்தம் மட்டும் போடுகிற வெற்றுத் தோட்டா. சாப்பாட்டு நேரம் முடிந்து வந்ததும் அவர் கையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியைத்தான் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "க்ளோசப்ல பிடியில கறுப்பு டேப் இருந்துச்சு. இதுல இல்லையே? ஜனங்க என்ன குருடா?" என்று கடிந்துகொண்டு, பெட்டிக்குள் கையை விட்டு டேப் ஒட்டிய துப்பாக்கியைத் தானே எடுத்துக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த துணை நடிகருக்குப் பக்கத்து மேசைக்காரர் என்று பெயர். கதாநாயகர்கள் ஹோட்டலில் சாப்பிடும்போது பக்கத்து மேசையில் சாப்பிடுவதுதான் அவருடைய உத்தியோகம். எண்ணற்ற படங்களில் அவருடைய முதுகைப் பார்க்கலாம். "எங்க வீட்டுக்காரர் முதுகு அழகுக்குத்தான் கூப்பிடறாங்க" என்று அவர் மனைவி, ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள், சக தையல்காரிகளிடம் கிண்டலடிப்பாள். அன்றுதான் முதல்முறையாக அவருடைய முகத்தைக் காட்டப் போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். அந்தப் பூரிப்பில், கேமராவுக்கு நேராக, காப்பிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நிஜத் தோட்டா பாய்ந்ததும் அந்தச் சிரிப்பு மாறாமலேயே சாய்ந்தார். முகத்தில் பயத்தின் சாயல்கூட இல்லை என்று இயக்குநர் அந்த ஷாட்டைப் படத்திலேயே வைத்துக்கொண்டார். விபத்து என்று கோர்ட் சொல்லிற்று. பின்பாதியில் துப்பாக்கிக்காரர் மனம் நொந்து அழுத காட்சிகளை எல்லாப் பத்திரிகைகளும் பாராட்டின. அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை.

படம் வெளியான நாளிலிருந்து அவர் தாடியும் போர்வையுமாக மதியக் காட்சிக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். துப்பாக்கி நீளும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். முதல் வரிசையில் பொத்தான்காரி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். புருஷன் முகம் தெரிகிற அந்தச் சில நொடிகளுக்காக அவள் தினமும் டிக்கெட் வாங்கினாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அவர் கண்ணை மூடாமல், "வேண்டாம்டா" என்று மெதுவாகச் சொன்னார். கை தானாகத் தூக்கிக்கொண்டது. திரையில் நின்றவன் கேட்டுக்கொண்டான்.

அன்று கை வலித்து அவர் இறக்கிய உடனே துப்பாக்கி வெடித்தது. மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். அவர் கை எவ்வளவு நேரம் நீண்டிருக்கிறதோ அவ்வளவு நேரம் பக்கத்து மேசைக்காரர் உயிரோடு இருப்பார் என்பது ஊருக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. அப்புறம் ஒரு நாள் அவர் கையை இறக்கவே இல்லை. கேன்டீன்காரர் ஊட்டிவிட்டார், கூட்டுகிற அம்மா முழங்கைக்கு அடியில் தலையணை வைத்தார், அவர் தூங்கும்போதுகூட அந்தக் கை அப்படியே நின்றது. இனி வேறு படம் போட முடியாது என்று தெரிந்ததும் தியேட்டர்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். கோபத்தில் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். மெஷின் நின்றது, படம் நிற்கவில்லை. கரண்டு பில் மிச்சம் என்று அதோடு விட்டுவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், வீட்டில் சண்டை போட்டவர்கள், சும்மா கொஞ்ச நேரம் உட்கார இடம் தேடியவர்கள் என்று நாளடைவில் கூட்டமும் சேர்ந்துவிட்டது. படத்தின் பின்பாதியை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. கொலையே நடக்காதபோது கொலைகாரன் எதற்காக மனம் திருந்த வேண்டும் என்று ஆபரேட்டர் எல்லோருக்கும் விளக்கினார்.

பொத்தான்காரி வேலை முடிந்து நேராகத் தியேட்டருக்கு வருவாள். முதல் வரிசையில் உட்கார்ந்து புருஷனிடம் வீட்டுக் கதை பேசுவாள். கூரை ஒழுகியது, பிள்ளைக்குப் பல் முளைத்தது, மாமியார் மறுபடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அவருக்குக் காது கேட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய சைக்கிளை விற்கப்போவதாக அவள் சொன்ன அன்று அவர் லேசாகத் தலையை ஆட்டியதைப் பார்த்தவர்கள் உண்டு. அவள் சைக்கிளை விற்கவில்லை. பின்னால் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாதவள்போல, அந்தக் கை நிலைத்து நின்ற நாளிலிருந்து அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தன்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று துப்பாக்கிக்காரர் நம்பினார். தெரிந்துவிட்டால் எழுந்து போய்விடுவாளோ என்று போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார்.

இப்படி வருடங்கள் ஓடின. குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போய், திரையின் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதினாள். பொத்தான்காரிக்குக் காதோரம் நரைத்தது. மேசையில் இருந்தவர் அன்றிருந்த அதே வயதில், அதே கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். துப்பாக்கிக்காரரின் கை காய்ந்த குச்சிபோல ஆகிவிட்டது. ஒரு நாள் மகள் பென்சிலைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்து, "அம்மா, அப்பா நம்மளப் பார்க்கலம்மா" என்றாள்.

"பின்ன யாரப் பார்க்கறாரு? உன் கணக்கு டீச்சரையா?"

"துப்பாக்கியப் பார்க்கறாரு. ரொம்ப நாளாவே."

அவள் மகளை அதட்டினாள். பிறகு எழுந்து ஓரத்து நாற்காலிக்குப் போய் அங்கிருந்து பார்த்தாள். சிரிப்பு உதட்டில் அப்படியேதான் இருந்தது. ஆனால் விழிகள் ஓரத்துக்கு ஒதுங்கி, நீண்டிருந்த குழலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. நெற்றியில் வியர்வை. கோப்பையைப் பிடித்த விரல்கள் நடுங்கி, காப்பி தட்டில் சிந்தியிருந்தது. எப்போது சிந்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் தன் கதையைச் சொல்லும் அவசரத்தில் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

மறுநாள் அவள் கம்பெனிக்குப் போகவில்லை. தியேட்டருக்கு வந்தவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, கூரையைச் சரிசெய்துவிட்டதாகவும் சைக்கிளை மகளே ஓட்டுவதாகவும் சொன்னாள். வேறு ஏதோ மெதுவாகச் சொன்னாள், அது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு இத்தனை வருடம் கழித்துத் திரும்பி, நடைபாதை வழியே ஏறி, கடைசி வரிசைக்கு வந்து துப்பாக்கிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சட்டென்று ஒதுங்கி உட்கார்ந்தார். போர்வை நழுவியது. அதை இழுத்துக்கொள்ள அவருக்கு இன்னொரு கை இருந்தும் இழுக்கவில்லை.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதும்மா," என்றார்.

அவள் தலையணையை மெல்ல எடுத்துவிட்டு, அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடியெல்லாம் செய்வீங்களே, அந்த மாதிரி கண்ண மூடிக்குங்கண்ணா. கைய நான் இறக்கறேன்."