பிடியை விட ஒரு பிஸ்கட்

தசைப் பாடம் எடுக்கும் 'தசை டீச்சர்' அன்று விடிந்ததுமே வந்து பயிற்சிக் கூடத்தைத் தயார் செய்துவிட்டாள். செவிலியர் கல்லூரியில் அவள் பாடம் நடத்துவதில்லை, கூத்தடிக்கிறாள் என்று முதல்வர் காதுவரை புகார் போயிருந்தது.

"இன்னைக்கு நானே வந்து உக்காந்து பாக்கறேன். உருப்படியா ஒண்ணும் இல்லேன்னா, தசையையும் நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பாடம் எடுக்கும் அழகு உலகறிந்தது. எலும்புப் பாடத்தை அவர் வாசித்த வாசிப்பில், மூலையில் தொங்கிய எலும்புக்கூடே கொட்டாவி விட்டதாம்.

போதாக்குறைக்கு முதல்வர் அவளுக்குக் கணவனின் அண்ணன். வீட்டில் 'மாமா', கல்லூரியில் 'சார்'. தோற்றால் இரண்டு இடத்திலும் தலைகுனிவு.

பயிற்சிக் கூடத்தின் இரண்டு கோடியிலும் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சர் ஒவ்வொன்று நின்றது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் நோயாளி பொம்மை. நடுவே நீள பெஞ்சில் மாணவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர்களில் கட்டிய கயிறுகள் இரண்டு பக்கமிருந்தும் அவர்கள் மடிமேல் வந்து கிடந்தன. கயிறுகளை நீளத் துண்டுகள் மூடியிருந்தன.

"ஒரு தசை நாருக்குள்ள இந்த மாதிரி குட்டிக் கூடம் ஆயிரக்கணக்குல இருக்கு சார்" என்று ஆரம்பித்தாள் டீச்சர். "பெஞ்சுதான் தடிச்ச இழை. பொண்ணுங்க கையெல்லாம் அதோட தலைங்க. கயிறு மெல்லிய இழை. இடப்பக்கத்துப் பொண்ணுங்க அவங்க கயித்தையும், வலப்பக்கத்துப் பொண்ணுங்க அவங்க கயித்தையும் நடுவைப் பாத்து இழுப்பாங்க. இழை எதுவும் சுருங்காது, ஒண்ணை ஒட்டி ஒண்ணு வழுக்கிட்டுப் போகும். ரெண்டு கோடியும் கிட்ட வரும். அதுதான் தசை குறுகறது."

"துண்டு எதுக்கு?"

"நான் மணியடிச்சா கால்சியம் வந்துருச்சுன்னு அர்த்தம். துண்டு விலகும். அப்பத்தான் பிடிக்க இடம் கிடைக்கும்."

"பக்கத்துல இந்தப் பிஸ்கட் டப்பா?"

"அதுதான் சக்தி."

சக்தி விநியோகம் டீச்சரின் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு டப்பா கிரீம் பிஸ்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொன்றை அண்ணன் பக்கத்து நாற்காலியில் பத்திரமாக வைத்திருந்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது போல.

டீச்சர் மாணவிகள் பக்கம் திரும்பினாள். "ஞாபகம் இருக்கட்டும். ஒரு கை முதுகுக்குப் பின்னாடி. ஒரு இழுப்பு இழுத்தா, பிடிச்ச பிடி பிடிச்சதுதான். வாயில பிஸ்கட் விழுந்தாத்தான் விடணும். விட்டுட்டுக் கையை நீட்டி, தள்ளிப் பிடிச்சு, மறுபடி இழுங்க. வானமே இடிஞ்சாலும் பிஸ்கட் இல்லாம விடக்கூடாது!"

"தலைகீழா இருக்கே" என்று முதல்வர் முறைத்தார். "சக்தி தீர்ந்தா பிடி நழுவணும். கழுதைக்கும் தெரியும்."

"பாருங்க சார்."

மணி விடாமல் அடிக்கத் தொடங்கியது. துண்டுகள் பறந்தன. அடேயப்பா! கூரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. "இழு! மெல்லு! விடு! பிடி!" வீட்டுக்காரர் பம்பரமாகச் சுழன்று வாய் வாயாகப் போட்டார். ஸ்ட்ரெச்சர்கள் கடகடவென்று நெருங்க, பிளாஸ்டிக் நோயாளிகள் இரண்டு பேரும் சம்மந்தி வீட்டார் போல ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். முதல்வர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். அவர் கண் கயிற்றிலிருந்து அகலவில்லை. கை மட்டும் எங்கோ போய்ப் போய் வந்தது.

திடீரென்று எல்லாம் நின்றது. முதல் டப்பா காலி. வீட்டுக்காரர் ஓடிப்போய் இரண்டாவது டப்பாவைத் திறந்தார். அதற்குள் வெறும் தூள்.

மாணவிகள் கயிற்றைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மணியை நிறுத்தினாள். ஒரு பிடியும் தளரவில்லை. துண்டைப் போர்த்தப் பார்த்தால், இடமெல்லாம் கை.

"டீச்சர், மூக்கு அரிக்குது" என்று முனகினாள், சுண்டெலி என்று பட்டப்பேர் வாங்கிய பொடிப் பெண்.

"விட்டுடாதேடி!" என்றாள் டீச்சர். அவளும் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். போச்சு, தசை கைவிட்டுப் போச்சு.

முதல்வர் எழுந்தார். "பாத்தியா? நடுவழியில நின்னுபோச்சு! என்னம்மா ஆச்சு உங்களுக்கு?"

"செத்துட்டோம் சார்" என்றாள் சுண்டெலி.

"என்னது?"

"பிஸ்கட் தீந்துபோச்சு சார். பிடியை விட முடியல. அதான் விறைச்சுக் கிடக்கோம்."

முதல்வர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, யானை பலத்தையும் கூட்டி இழுத்தார். ஊஹூம். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அடடே... ஆஸ்பத்திரியில செத்தவங்க விறைச்ச கையை மடக்க நான் பட்ட பாடு! அப்ப அது பலம் இல்லையா?"

"விடறதுக்குச் சக்தி இல்ல சார்" என்றாள் டீச்சர். "உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் விடத் தெரியும்."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று குறுக்கிட்டார் வீட்டுக்காரர். "அண்ணே, மீசையில என்ன வெள்ளையா? கிரீமா? சர்க்கரைய தொடக்கூடாதுன்னு அண்ணி சொல்லி—"

"உஷ்!"

முதல்வர் சட்டைப்பைக்குள் கை விட்டு, ஒளித்து வைத்திருந்த கடைசி பிஸ்கட்டை எடுத்தார். ராஜ்யத்தைத் தானம் கொடுப்பவர் முகத்தோடு அதைச் சுண்டெலி வாயில் வைத்தார். அவள் கை பட்டென்று கயிற்றை விட்டு நேரே மூக்குக்குப் போனது.

"தசை உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார் முதல்வர். பிறகு தம்பியைப் பார்த்து, "நிக்கறியே, ஓடுடா! நாலு டப்பா! இத்தனை பொணத்தையும் எழுப்ப வேண்டாமா?"

தம்பி மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, பெஞ்சின் கடைசியில் புதிதாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை கயிற்றில்.

"அண்ணே, அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"பாடம் நடக்குது, பேசாதே" என்று அதட்டிவிட்டு, முதல்வர் வாயை ஆவென்று திறந்தார்.