பொத்தான் இல்லாத சட்டை

சனிக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, கணவரின் பழைய இளநீலச் சட்டையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலால் பொத்தான்களை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஏழு, கைக்கு ஒவ்வொன்று. எடுத்ததை எல்லாம் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள். அடுத்து ஒரு பேண்ட். அதில் ஜிப்பையும் கொக்கியையும்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுக்காரி இதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா பட்டனை எல்லாம் எடுக்கறீங்க?"

"சட்டை சபைக்குப் போகுது. பட்டன் எதுக்கு அதோட போகணும்? நமக்கு எப்பவாவது உதவும்ல?"

"அட, ஆமா! எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

அந்த 'எப்பவாவது' பதினோரு வருடங்களாக வரவே இல்லை. டப்பாதான் நிறைந்துகொண்டே போனது.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டைக் கட்டுசெட்டாக நடத்துகிறவள். கணவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் நிதி மந்திரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் வரிசையில் இருப்பாள். கொடுப்பதைப் பற்றிப் போதகர் பேசினால், சபையிலேயே அதிகமாகத் தலையாட்டுவது அவள்தான். ஆராதனைக் கூடத்தை ஒட்டி ஓர் உடுப்பு அறை உண்டு. இல்லாதவர்கள் சனிக்கிழமைகளில் வந்து, அலமாரிகளில் பார்த்து, வேண்டியதை எடுத்துப் போவார்கள். கொடுக்கிறவர்கள் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் பையை வைத்துவிட்டுப் போகலாம். எந்தப் பை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

உள்ளே வந்த கணவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அவர் வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும், அப்படி ஓர் உடம்பு. கடையில் தைத்து விற்கிற சட்டை எதுவும் அவருக்குப் பத்தாது. அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும்.

"காலர் லேசா வெளுத்திருக்கு, அவ்வளவுதான். நல்ல சட்டைம்மா. ஆனா பட்டன் இல்லாம இதை எப்படிப் போட்டுக்குவாங்க?"

"வேணும்கிறவங்க வாங்கித் தச்சுக்கட்டும். சட்டையே சும்மாதானே தர்றோம்?"

நிதி மந்திரி கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. சட்டை பைக்குள் போனது, பை பெட்டிக்குள் போனது, அவள் மனசு நிறைந்து வீடு திரும்பினாள்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு சனிக்கிழமை. அந்த வாரம் வீடே ஒரு விஷயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் கணவருக்குப் பத்தொன்பது வருட வேலை. மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகி, திங்கட்கிழமை காலை நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ. அவருடைய நல்ல வெள்ளைச் சட்டையைக் கட்டில்மேல் விரித்து அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல், இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. வாசலில் அடுத்த வீட்டுக்காரி நின்றாள். இரண்டு பேரும் நின்றுவிட்டால் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? கரண்ட் வந்தது இருவருக்குமே தெரியவில்லை.

புகை வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

கிழிந்த பனியனும் அரை டிராயருமாகப் பின்பக்கம் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்த கணவர், கையில் இருந்த குழாயை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பினார். தெருவே வாளியோடு ஓடி வந்தது. அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒன்றுக்காகவே அவள் அங்கேயே, ஈரத் தரையில் முழங்காலிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

ஆனால் கட்டிலும் பீரோவும் போய்விட்டன. உடுத்தியிருந்ததைத் தவிர இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி இல்லை. பீரோவின் அடித்தட்டைக் கிளறிய கணவர், கறுத்துப்போன பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியை நெம்பித் திறந்தார். பதினோரு வருடத்துப் பொத்தான்கள் எல்லாம் உருகி, கலந்து, கைப்பிடி அளவுக்கு ஒரே கட்டியாகக் கிடந்தன. அவர் அதை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

விஷயம் கேள்விப்பட்டுப் போதகர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாங்க, முதல்ல உடுத்த ஏதாவது பார்ப்போம்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த அறைக்கா? நாங்களா?"

"பின்னே, திங்கட்கிழமை இந்த டிராயரோட போய் நிக்கவா?" என்றார் கணவர். சிரிப்பாகத்தான் சொல்ல நினைத்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

உடுப்பு அறையைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு தையல்காரி. கணவரை இழந்து வருடங்கள் ஆகின்றன. ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு வாரம் முழுக்கக் கூலிக்குத் தைப்பாள். சனிக்கிழமை மட்டும் இங்கே வந்து, பெட்டியில் விழுகிற துணிகளைப் பிரித்து, கிழிந்ததைத் தைத்து, தேய்த்து அடுக்குவாள். எந்நேரமும் சிரித்த முகம் என்பதால் சபையில் அவளுக்குச் சிரிப்பக்கா என்று பெயர்.

வாசலில் தயங்கி நின்றவளின் கையைப் பிடித்து அவள் உள்ளே இழுத்தாள்.

"ஏன் தங்கச்சி வெளியில நிக்கற? இது நம்ம வீடு. வா, வா."

பத்து நிமிடத்தில் அவளுக்கு நாலு நல்ல உடுப்புகள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். பிறகு அளவு டேப்பை எடுத்துக் கணவரைச் சுற்றிப் பிடித்தாள்.

"அண்ணே, டேப் பத்தலையே! மிச்சத்துக்கு ரோட்டை அளக்கறவங்களத்தான் கூப்பிடணும் போல!"

தீப்பிடித்ததற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்து என்ன, மூன்று அலமாரி தேடியும் அவர் தோளுக்கு ஏறுகிற சட்டை ஒன்றுகூட இல்லை. அவர் முகம் மறுபடி தொங்கிப்போனது. சிரிப்பக்கா நெற்றியைத் தட்டி யோசித்தாள்.

"இருங்க! ஒண்ணு இருக்கு. ரெண்டு மாசமா ஆள் கிடைக்காமத் தூங்குது."

அலமாரியின் உச்சியிலிருந்து அவள் எடுத்தது இளநீலச் சட்டை. துவைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தது. முன்பக்கம் ஏழு வெள்ளைச் சிப்பிப் பொத்தான்கள் வரிசையாகப் பளபளத்தன.

கணவர் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன.

"ஸ்தோத்திரம்! அண்ணனுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே!" என்று சிரிப்பக்கா கைதட்டினாள்.

அவள் மெல்லக் கணவரின் அருகில் போய், சட்டையின் இடது கைப்பட்டையை மடித்துப் பார்த்தாள். உள்பக்கம் கருநீல நூலில் நாலு தையல். இளநீல நூல் தீர்ந்துபோன ஒரு நாளில் அவளே போட்டது. நிமிர்ந்தாள். கணவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான் அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்த பட்டன்..." என்று இழுத்தாள்.

"அதுவா? வந்தப்ப இதுல பட்டனே இல்ல தங்கச்சி. ஒரே மாதிரி ஒம்பது பட்டன் என்கிட்டயும் இல்ல. எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போட்ட சட்டை பெட்டியில இருந்துச்சு. அதுல சிப்பி பட்டன். எடுத்துத் தச்சுட்டேன்."

"கல்யாணச் சட்டையில இருந்தா?"

"பெட்டிக்குள்ள இருக்கற சட்டைக்கு பட்டன் எதுக்கு? வெட்டறப்ப கொஞ்சம் அழுகை வந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். தச்சு முடிச்சுத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன் பாரு, அப்படி ஒரு சந்தோஷம்! அவர் இருந்திருந்தா அவரே கழட்டிக் கொடுத்திருப்பார்."

"பட்டன் இல்லாமக் கொடுத்தவங்க மேல உங்களுக்குக் கோபம் வரலையா அக்கா?"

"கோபமா?" சிரிப்பக்கா முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மறைந்தது. "பாவம், அது என்ன குடும்பமோ. வருஷா வருஷம் அந்தப் பை வரும். பட்டன், ஜிப்பு, கொக்கி எதுவுமே இருக்காது. ஒரு பட்டனைக்கூட வெட்டி வச்சுக்க வேண்டியிருக்குன்னா அந்த வீட்ல எவ்வளவு கஷ்டம் இருக்கும்? அப்படியும் கொடுக்கறாங்களே! முதல் துணியில பட்டன் இல்லன்னு பாத்ததுமே அவங்களுக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் மிச்சத்தைப் பிரிப்பேன். 'ஆண்டவரே, இவங்க குறையைத் தீரும்'னு."

சிரிப்பக்கா சொன்னதில் குத்தல் இல்லை, கேலி இல்லை. அத்தனையும் நிஜமான இரக்கம். அதுதான் அவளைச் சுட்டது. பீரோ நிறையத் துணியும் டப்பா நிறையப் பொத்தானுமாக இருந்த வீட்டுக்காக, ஒற்றை அறையில் இருக்கிறவள் பதினோரு வருடம் உருகியிருக்கிறாள். நிதி மந்திரி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அக்கா, அது எங்க வீட்டுப் பை. எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. சும்மா, எனக்கு மனசு வரல, அவ்வளவுதான். வேண்டாததைக் கழிச்சுக் கட்டிட்டு, தருமம் பண்ணிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

கைப்பைக்குள் இருந்த பொத்தான் கட்டியை எடுத்து மடியில் வைத்தாள். சிரிப்பக்கா அதையும் பார்த்தாள், சட்டையையும் பார்த்தாள். பிறகு அவள் தோளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"ஜெபம் சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கு தங்கச்சி. குறை தீர்ந்துச்சா இல்லையா?"

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை கணவர் அந்தச் சட்டையில்தான் போனார். பதவி கிடைத்தது. சட்டையால் கிடைத்தது என்றால் பத்தொன்பது வருட உழைப்புக்கு மரியாதை இல்லை. ஆனால் அந்தச் சட்டை இல்லாமல் அவர் அந்த அறைக்குள் கால் வைத்திருக்க மாட்டார். சாயங்காலம் வந்தவர் சட்டையைக் கழற்றுமுன் ஏழு பொத்தானையும் ஒரு தடவை தடவிப் பார்த்ததை அவள் பார்த்தாள். அன்றைக்கு அவர்கள் வீட்டு ஜெபத்தில் சிரிப்பக்காவுக்குத்தான் முதல் இடம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து உடுப்பு அறையில் இரண்டு பேர். ஒரு நாள் அவள் ஜன்னலோரம் கால்சட்டை ஒன்றுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுக்காரி ஒரு பெரிய பையோடு வந்தாள். முகத்தில் அவ்வளவு பெருமை.

"அக்கா, பாருங்க! நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே எல்லா பட்டனையும் எடுத்துட்டேன். ஒண்ணுகூட விடல!"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சிரிப்பக்கா தையல் மெஷின்மேல் கவிழ்ந்து சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரி ஒன்றும் புரியாமல் விழித்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜன்னல் விளிம்பில் இருந்த அந்தக் கட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இது நான் பதினோரு வருஷம் சேத்து வச்ச பட்டன். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது தப்பு. மிச்சத்தைத் தள்ளிவிடறது கொடுக்கறது இல்ல. வாங்கறவங்க அப்பவே போட்டுக்கிட்டுச் சந்தோஷமாப் போகணும், அதைப் பாத்து நம்ம முகமும் மலரணும். அதுக்குப் பேர்தான் கொடுக்கறது. போ, வீட்டுக்குப் போய் அந்த பட்டனை எல்லாம் எடுத்துட்டு வா. உக்காந்து தச்சிடலாம்."

"எல்லாத்தையுமா? திருப்பித் தைக்கணுமா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி, பையின் கனத்தைப் பார்த்து.

அவள் ஊசியில் நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு அடுத்த வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.

"உன்னை ஒண்ணு கேக்கறேன். ஆண்டவர் நமக்குக் கொடுத்ததுல எதையாவது பட்டனை வெட்டி வச்சுக்கிட்டா கொடுத்தார்?"