ஒரு அங்குலம் வளர்ந்த காவலாளிகள்

ஸ்டிக்கர் கடை அண்ணியின் கொழுந்தனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் அரையங்குலம். ஒரு நிறுவனத்தில் காவலாளி வேலைக்கு மூன்று முறை போனான். மூன்று முறையும் அரை அங்குலம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி முறை முடியைத் தூக்கிச் சீவிக்கொண்டு போனான். அளந்தவர் உள்ளங்கையால் ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார்.

அந்த நிறுவனத்தின் மேனேஜர்தான் ஒருநாள் கடைக்கு வந்து, சுவரில் மாட்ட உயரம் அளக்கும் ஸ்டிக்கர் கேட்டார்.

"நாளைக்கு முதலாளி வர்றார். பழசுல நம்பரே தெரியலை. இன்னைக்கே வேணும்மா."

"பிரிண்ட் ஒரு நாளாவது காயணும் சார்."

"நான் இங்கயே இருக்கேன்" என்று மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எதிரே ஒருவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கை நிதானமாகவா ஓடும்? மை காய்வதற்குள் அண்ணி லேமினேஷன் போட்டாள். மேலே ஒட்டும் ஃபிலிம் சுருங்காமல் வரட்டும் என்று சுருளை இறுக்கினாள். அது ரப்பர் போல இழுபட்டுக்கொண்டே ஒட்டியது. ஆறவிடாமல் வெட்டி, வழுவழுப்பான பலகையில் ஒட்டி, அடிவிளிம்பைத் தகடு வைத்துத் திருகி அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து அரையங்குலம் நான்காவது முறை போனான். திரும்பி வந்தவனின் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணி, எடுத்துட்டாங்க! வேணுங்கறதுக்கு மேல அரை இன்ச் இருக்கேனாம்!"

"முப்பத்துநாலு வயசுல வளர்ந்தியா?"

"வளர்ந்திருக்கேனே!"

அவனுடைய அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார். அண்ணிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தாள். பலகையின் உச்சியில் ஒரு அங்குலத்துக்கு மேல் வெறுமையாக இருந்தது. பசைக்கோட்டில் தூசி ஒட்டியிருந்தது. இழுத்து ஒட்டிய ஃபிலிம் தன் பழைய நீளத்துக்குத் திரும்பி, எண்களையும் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. எண்கள் இறங்கிவிட்டன, முன்னால் நின்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

"சார், ஸ்டிக்கர் சுருங்கிடுச்சு" என்றாள்.

"சும்மா இரும்மா. நானே ஒரு இன்ச் வளர்ந்திருக்கேன். தினமும் காலைல கம்பியில தொங்கறேன்."

"கம்பியில தொங்கினா கைதானே சார் நீளும்?"

புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேரும் அவளை முறைத்தார்கள். அதில் கொழுந்தனும் ஒருவன்.

ஆனாலும் தன் கை வேலை பொய் சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை. புதிதாக ஒன்று அச்சடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டாள். ஸ்டிக்கரும் மேல் ஃபிலிமும் ஒரே ரகமாக எடுத்தாள். சுருளைத் தளர்த்தி, ஃபிலிம் தானாக வந்து படியும்படி விட்டாள். பிறகு மேசையில் கிடத்தி, இன்னொரு நாள் பிளேடு படாமல் ஆறப்போட்டாள்.

அதை எடுத்துக்கொண்டு போனால், வாசலில் கொழுந்தன் கையை நீட்டி மறித்தான்.

"உள்ள விடமாட்டேன்."

"என்னையாடா?"

"நீங்க தாராளமா போங்க அண்ணி. அது போகக்கூடாது."

வேலைக்குச் சேர்ந்து அவன் தடுத்த முதல் ஆபத்து அதுதான். வாக்குவாதம் முற்றிய நேரத்தில், சீருடை தைத்த டெய்லர் உள்ளேயிருந்து கத்துவது கேட்டது. இருவரும் ஓடினார்கள். பன்னிரண்டு பேரின் பேன்ட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"நீங்க எழுதிக் கொடுத்த உயரத்துக்குத்தான் தைச்சேன்! என் தையல்ல தப்பா?" டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை உருவி, ஒவ்வொருவராக நிறுத்தி அளந்தார். ஆளாளுக்கு ஒரு அங்குலம் காணோம். கடைசியில் மேனேஜரையும் விடவில்லை.

"சார், நீங்களே இந்த வேலைக்குத் தேறமாட்டீங்க. அரை இன்ச் கம்மி."

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வந்தப்புறம் ஏதாவது களவு போச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போகலை சார்" என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

"அப்புறம் உயரத்துக்கும் காவலுக்கும் என்ன சம்பந்தம்?" பேனாவை எடுத்து, விதிமுறைத் தாளில் ஒரு அங்குலத்தை அடித்துவிட்டார்.

அண்ணியின் புதிய அளவுகோல் அன்றே சுவரேறியது. நான்கு மாதமாக ஒரு நூல்கூட நகரவில்லை. கொழுந்தன் வாசலில்தான் நிற்கிறான். எவர் வந்தாலும் சலாம் போட்டு உள்ளே விடுவான். டெய்லர் வந்தால் மட்டும் நோட்டில் கையெழுத்து வாங்கி, டேப்பையும் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே அனுப்புகிறான்.