பூண்டாக்ஸ் என்றால் மலை

ரோடு அளக்க ஒடுகத்தூரிலிருந்து வந்த ஓவர்சியர் ஆதிநாராயணன், செருப்பும் காலுமாகச் சாமைக் களத்தில் ஏறினார்.

"களத்துல செருப்பு ஆகாதுங்க" என்று தடுத்தார் ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு.

ஓவர்சியர் உதட்டைப் பிதுக்கிச் சிரித்தார். "சரியான பூண்டாக்ஸ்!"

இங்கிலீஷில் ஏதோ வசவு என்று மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. ஊரை ஏசினவனை அந்த மலையூரின் பஞ்சாயத்துக் கூட்டம் சும்மா விடாது. ஆனால் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் அபராதமும் போடாது. அத்தனை கண்ணும் முனியம்மா பக்கம் திரும்பியது. அந்த ஊரில் படித்து, அந்த ஊருக்கே டீச்சராக வந்த முதல் பெண் அவள்.

"அர்த்தம் இன்னா முனியம்மா?"

"தெரியல மாமா. பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"தோ பார்றா! இதுக்கா அவ்ளோ படிச்சே?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லி.

சுருக்கென்று தைத்தது. சனிக்கிழமை பஸ் பிடித்து வேலூர் போனாள். நூலகத்துப் பெரிய அகராதியில் அந்த வார்த்தை இருந்தது. நாகரிகம் எட்டாத பட்டிக்காடு என்று ஏளனமாகச் சொல்வதாம். பிறந்த கதை வேறு. பிலிப்பைன்ஸ் தீவுக்காரர்கள் மலையை 'புன்டோக்' என்பார்கள். அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்கள்தான் அதைக் கேலிச் சொல்லாக்கினார்கள்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஏளனத்தைச் சொன்னால் ஓவர்சியரை விரட்டிவிடுவார்கள், ரோடு நின்றுபோகும். மறைத்தால், தான் படித்த படிப்புக்கு என்ன மரியாதை?

கூட்டத்தில் ஏளனம், மலை என்ற இரண்டு அர்த்தத்தையும் சொன்னாள்.

"மலைய மலைன்னு சொன்னா அதுல கேவலம் இன்னாடி?" என்றாள் செல்லி.

"கேவலம் அவுரு சிரிப்புல இருக்குது" என்றார் கவுண்டர். "மலைக்காரன்னு சொல்றதுக்கு நமக்கு இன்னா வெக்கம்? கடல் தாண்டியும் நம்மள மாதிரி சனம் கீது. அபராதமும் உண்டு, ரோடும் உண்டு."

அபராதம், கோயிலடியில் ஊருக்கே சாமைச் சோறு பரிமாறுவது. ஓவர்சியர் மறுபேச்சில்லாமல் வாளியைத் தூக்கினார். முனியம்மாவிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அமெரிக்காக்கார இன்ஜினியர்கிட்ட வேலை செஞ்சப்போ அந்த வார்த்தை ஒட்டிக்கிச்சும்மா. மலைன்னு சத்தியமா எனக்கே தெரியாது."

"இப்ப தெரிஞ்சிக்கினீங்க இல்ல சார்."

செல்லி வரிசையின் கோடியிலிருந்து கத்தினாள்: "இன்னாய்யா அங்க பேச்சு? எங்க டீச்சருக்கு நல்லா அள்ளிப் போடு!"

முனியம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு இலையைச் சற்று முன்னே தள்ளினாள்.